ஐ.சி.யூ.வுக்கு வந்த நான்கு வாஷ்பேசின்கள்

இருபத்தாறு வருடம் ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்தவள் நான். தானம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆப்பிள். உயிர் பிழைத்து வீட்டுக்குப் போகிறவரின் குடும்பத்தார் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பெரும்பாலும் ஆப்பிள் பெட்டி. சிலர் சாமி படம். ஒரு குடும்பம் ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து இறக்கியது. ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் விளக்கேற்ற முடியாதே என்றதற்கு, "சும்மா நிக்கட்டும் சிஸ்டர், அழகா இருக்கும்" என்றார்கள். எங்கள் ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே அது வெகுகாலம் அழகாக நின்றது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாஷ்பேசின் என்று சொல்லியிருப்பேன்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் பழைய ஆஸ்பத்திரி அது. ஐ.சி.யூ.வில் பத்துப் படுக்கை. கை கழுவ ஒரே ஒரு வாஷ்பேசின், அதுவும் வாசலோரம் மருந்து அலமாரிக்குப் பாதி பின்னால். படுக்கைக்குப் படுக்கை கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்து பாட்டில் தொங்கும்தான். ஆனால் சளியோ ரத்தமோ கையில் பட்டுவிட்டால் அது போதாது; சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஒரு நோயாளியின் கிருமி அடுத்த நோயாளியிடம் போக வேண்டுமென்றால் அது ஏறிக்கொள்ளும் வண்டி பெரும்பாலும் எங்கள் கைதான். பத்தாவது படுக்கையிலிருந்து வாசல்வரை போய்க் கழுவிவிட்டு வருவதற்குள் ஒன்பது பேர் "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள்.

வருடா வருடம் ஆபீசுக்கு எழுதுவேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். என் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மனு கொடுப்பதும், அது பரிசீலனையில் இருப்பதும் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. எனவே மனம் தளராமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுபதைத் தாண்டியவர். மாநில அரசில் குடிநீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர், ஓய்வு பெற்று வெகு வருடம் ஆகியிருந்தது. கடுமையான நிமோனியா. வென்டிலேட்டரில் போட்டோம். ஒரு வாரம் கழித்துக் கண் விழித்தார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. எழுதிக் காட்டச் சொல்லி ஒரு அட்டையும் பென்சிலும் கொடுத்தோம்.

இப்படிக் கொடுத்தால் எல்லோரும் முதலில் எழுதுவது தண்ணீர், அல்லது மனைவி பெயர். இவர் ஏதோ கோடுகள் போட்டார். பெட்டி பெட்டியாகப் பத்து, ஓரத்தில் ஒரு வட்டம், பெட்டியிலிருந்து வட்டத்துக்கு அம்புக்குறி, மேலே ஒரு எண். அதைப் பார்த்த இளைய நர்ஸ் ஓடிவந்து, "சிஸ்டர், பேஷன்டுக்குக் குழப்பம் ஆரம்பிச்சிருச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐ.சி.யூ.வில் பலருக்கு வரும் புத்தித் தடுமாற்றம்தான் இதுவும் என்று நினைத்து டாக்டரிடம் சொன்னேன்.

அதைக் கண்டுபிடிக்கச் சில எளிய கேள்விகள் உண்டு. ஆம் என்றால் கையை அழுத்த வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். டியூட்டி டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு தண்ணில மிதக்குமா சார்?" என்று கேட்டார்.

பெரியவர் அழுத்தவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. கையை உருவிக்கொண்டு சைகையால் அட்டையைக் கேட்டார். 'எந்தக் கல்?' என்று எழுதினார். அதன் கீழே, 'எரிமலைக் கல் மிதக்கும்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"தெளிவா இருக்கார்" என்று டாக்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

குழாயை எடுத்த மறுநாள், கரகரத்த குரலில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "சிஸ்டர், இங்கேர்ந்து அந்த வாஷ்பேசின் எவ்வளவு தூரம்?" என்பதுதான். அவருடைய படம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டிகள் எங்கள் படுக்கைகள். வட்டம் எங்கள் வாஷ்பேசின். எண், படுத்தபடியே தரையில் ஓடுகளை எண்ணி அவர் போட்ட அடிக்கணக்கு.

"நாள் பூரா எனக்கு வேற என்ன வேல? பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "கை கழுவணும்னு எல்லாருக்கும் ஆசதான். பாதி தூரம் போறீங்க. அதுக்குள்ள எங்கயோ பீப் அடிக்குது, திரும்பிடறீங்க. இது ஆளுங்க தப்பு இல்ல சிஸ்டர். டிசைன் தப்பு."

இத்தனை வருட வேலையில் என் மனுக்களுக்குக் கிடைத்த முதல் பரிசீலனை அது.

வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். கையில் ஆப்பிள் இல்லை, அளவு டேப் இருந்தது. நான்கு வாஷ்பேசின்கள் தானமாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் அந்தம்மா உட்காரவும் இல்லை.

"இவர் பொழைச்சு வந்தா வெள்ளிக் கவசம் சாத்தறேன்னு நான் வேண்டிக்கிட்டேன் சிஸ்டர். எங்க தெருக்கோடி கோயில்ல. அதுக்கு எடுத்து வெச்சதைத் தண்ணிக் குழாய்ல போடணும்கிறார்."

"பொழைக்க வெச்சது இவங்க கை" என்றார் அவர். "அந்தக் கையக் கழுவ ஒரு எடம் வேணாமா? உன் சாமிக்கு தெனம் குடம் குடமா அபிஷேகம் நடக்குது. இங்க பத்து பேஷன்டுக்கு ஒரு குழாய்."

"சாமியையும் குழாயையும் ஒண்ணா வெச்சுப் பேசறதப் பாருங்க! நீங்களே சொல்லுங்க சிஸ்டர்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் மர்பி டவுனில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவர்கள் தெருக்கோடிச் சாமியின் சுபாவம் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான்கு வாஷ்பேசின்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்து, "இன்ன தேதிக்குள்ள சாத்தறேன்னு வேண்டிக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அந்தம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "தேதி எதுவும் சொல்லல."

"அப்ப சாமி கொஞ்சம் பொறுத்துக்கும். இங்க இருக்கறவங்களால பொறுக்க முடியாது."

அந்தம்மா முகம் தெளிந்தது. மனைவி கோயிலுக்குத் தவணை கேட்டுக்கொள்வது, கணவர் முதலில் குழாய் வேலையைப் பார்ப்பது என்று என் அறையிலேயே முடிவானது. அடுத்த தை மாதம் கவசமும் சாத்தினார்கள். எனக்கு ஒரு தூக்கு நிறையப் புளியோதரை வந்தது.

எனக்கும் எஞ்சினியருக்கும் சண்டை வந்தது வரைபடத்தில்தான். குழாயிலிருந்து தண்ணீர் நேராகக் கழிவு ஓட்டையில் விழும்படி வரைந்திருந்தார். ஐ.சி.யூ.வில் அது கூடாது, ஓட்டைக்குள் இருக்கும் கிருமி தண்ணீர் விழும் வேகத்தில் தெறித்து மேலே வரும், தண்ணீர் ஓரமாக விழ வேண்டும் என்றேன். பேசினும் படுக்கைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டர், நாற்பது வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி குடுத்தவன் நான். தண்ணி கீழ போகும். மேல வராது."

"ஓட்டைக்குள்ள இருக்கறது வரும் சார்."

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். போச்சு, வாயைக் கொடுத்து வாஷ்பேசினைக் கெடுத்தோம் என்று இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். வேட்டி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"என்ன சார் இது, ரத்தமா?"

"குங்குமம். எங்க வீட்டு சிங்க் ஓட்டைல கரைச்சு ஊத்தினேன். சுத்தி வேட்டிய விரிச்சேன். குழாயத் தொறந்தேன்." டேப்பை எடுத்து நடுவிலிருந்து கடைசிப் புள்ளிவரை நீட்டிக் காட்டினார். "இங்க பாருங்க. ரெண்டே முக்கா அடி! நீங்க சொன்னது சரி சிஸ்டர். நாற்பது வருஷமா எனக்கு இது தெரியாது."

இப்படித் தன் தோல்வியைச் சந்தோஷமாக அளந்து காட்டிய ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாலேயே வந்த அந்தம்மாதான் சந்தோஷப்படவில்லை. "பக்கத்துல சாம்பார் தொறந்து இருந்துது சிஸ்டர். அதுவும் அந்த ரெண்டே முக்கா அடிக்குள்ளதான்" என்றார்.

அடுத்த தொல்லை டிரஸ்ட் செயலாளரிடமிருந்து வந்தது. தானம் என்றால் அவருக்குக் கல்வெட்டு. நான்கு பேசினுக்கும் மேலே நான்கு கறுப்பு கிரானைட் பலகை, அதில் தங்க எழுத்தில் கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், திறந்துவைத்தவர் பெயர். எஞ்சினியர் முடியவே முடியாது என்றார். எழுத்துக் குழிவுகளில் அழுக்கு சேரும், துடைக்க முடியாது, இது ஐ.சி.யூ., சமாதி இல்லை என்றார். செயலாளருக்கு முகம் வாடிப்போயிற்று. அவருக்காக எஞ்சினியர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கன்னடத்தில் ஒரு பக்கம். செயலாளர் முதல் பாராவை மட்டும் படித்தார். அதில் ஆஸ்பத்திரியைப் பாராட்டியிருந்தது. மகிழ்ந்துபோய்க் கீழே ஏற்பதாகக் கையெழுத்தும் போட்டு, இரண்டு பக்கமும் தெரியக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஐ.சி.யூ. வாசலுக்கு உள்ளே மாட்டிவிட்டார்.

வேலை ஆறு வாரம் நடந்தது. இரண்டிரண்டு படுக்கையாகக் காலி செய்து, பிளாஸ்டிக் திரை கட்டி, தூசி இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டோம். முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளப் பிடி வைத்த குழாய்கள். பெரியவர் தினமும் மதியம் வந்து திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பிளம்பரோடு கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் சண்டை போட்டார். முடிந்ததும் ஒரு வாரம் குழாய்களைத் திறந்து திறந்து பார்த்தார். தண்ணீர் மெத்தென்று, ஓரமாக, தெறிக்காமல் விழுந்தது.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வட்டாரத்து அரசியல் பிரமுகர் சிறப்பு விருந்தினர். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, அவருக்குப் பின்னால் நாற்பது பேர், நாற்பது பேர் கையிலும் போன். இத்தனை பேரும் செருப்போடு உள்ளே நுழைந்தால் என் நோயாளிகளின் கதி என்ன என்று நான் உள்ளுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு மிக அருகில் இருந்த பேசினில் விருந்தினர் முதலில் கை கழுவுவார், மற்றவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார்கள், அதன்பின் அவர் மட்டும் உள்ளே ஒரு சுற்று வருவார் என்பது ஏற்பாடு. அந்த நாற்பது பேரும் ஏற்பாட்டைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. சிறப்பு விருந்தினர் வரும் நேரத்தில் தண்ணீர் மெல்லிசாக வந்தால் மானம் போகும் என்று பயந்து, செயலாளர் பம்ப் ஆபரேட்டரைப் பிடித்து, மேல்மாடிகளுக்கு மட்டும் போடும் பிரஷர் பம்ப்பை எங்கள் லைனுக்கும் திறந்துவிடச் சொல்லியிருந்தார்.

விருந்தினர் சிரித்த முகத்தோடு கேமராவைப் பார்த்துக்கொண்டே முழங்கையால் பிடியைத் தள்ளினார். தண்ணீர் கீழே விழவில்லை, பாய்ந்தது. பேசினில் மோதி அப்படியே எழும்பி, அவர் மார்பிலிருந்து முழங்கால்வரை குளிப்பாட்டியது. பின்னால் நின்ற வரிசைக்கும் கிடைத்தது. போன்கள் மேலே தூக்கப்பட்டன. மூடுவதற்கு எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

நான் பாய்ந்து போய் மூடினேன். எல்லோரும் எஞ்சினியரைத் திரும்பிப் பார்த்தோம். மனிதர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கண்கள் மின்னின. "யார்ரா பம்ப்ப ஆன் பண்ணது?" என்று கத்திக்கொண்டே பம்ப் ரூமை நோக்கி, நிமோனியா வந்த நுரையீரலோடு, ஓடியே போய்விட்டார்.

விருந்தினர் நல்ல மனிதர். துண்டைப் பிழிந்துகொண்டே, "உங்க ஐ.சி.யூ.குள்ள போகணும்னா குளிச்சிட்டுத்தான் போகணுமா சிஸ்டர்?" என்று சிரித்தார். ஈரத்தோடு உள்ளே விட முடியாது என்று பணிவாகச் சொன்னேன். அவர் போக, நாற்பது பேரும் பின்னாலேயே போனார்கள். என் ஜெபம் கேட்கப்பட்டது. மறுநாள் எஞ்சினியர் நான்கு பேசினுக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வாங்கிவந்து மாட்டினார். "இத மொதல்லயே போட்டிருக்கணும். பம்ப் இருக்குன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

அத்தோடு எல்லோரும் கை கழுவ ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். முதல் இரண்டு வாரம் புதுசு என்பதால் கழுவினோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனது. இப்போது தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது என்பதால் அவசரத்தைச் சொன்னோம். குறிப்பாகப் பெரிய டாக்டர். அவர் காலை ரவுண்டு வரும்போது பின்னால் ஏழெட்டுப் பேர் வருவார்கள். நாலாவது படுக்கையில் தொட்ட கையோடு ஐந்தாவதுக்குப் போவார். கெட்டிக்காரர், இரக்கமுள்ளவர். ஆனால் அவரிடம் போய் "கை" என்று சொல்லும் ஆள் அந்த ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. நானும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை வீட்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறாவது படுக்கைக்காரரின் கழுத்து ஊசிக் கட்டைச் சரிசெய்யப் போனேன்.

"சிஸ்டர், கை."

திரும்பினால் தரை துடைக்கும் ஆயா. சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முப்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"என்ன?"

"ஃபோன் பேசிட்டு நேரா வந்துட்டீங்க. கை கழுவல."

இளைய நர்ஸுகள் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "உனக்கு இத யாரு சொன்னா?" என்றேன்.

"லெட்டர்ல இருக்குது சிஸ்டர். மூணாவது பாராவுல."

கையைக் கழுவி, கட்டைச் சரிசெய்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தினமும் கடந்து போகும் கடிதம். அன்றுதான் படித்தேன். அவள் கன்னட மீடியத்தில் பத்தாவதுவரை படித்தவள். ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தச் சட்டத்துக்குக் கீழே துடைக்கிறாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரியாக முழுக் கடிதத்தையும் படித்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாவது பாராவில் எஞ்சினியர் தன் நிபந்தனையை எழுதியிருந்தார். உள்ளே வேலை செய்யும் யாரும், அவர் வேலை எதுவானாலும், உள்ளே இருக்கும் வேறு யாரிடமும், அவர் பதவி எதுவானாலும், கை கழுவச் சொல்லலாம். அப்படிச் சொல்லப்பட்டவர் கோபித்துக்கொள்ளாமல் கழுவ வேண்டும். இதற்கு டிரஸ்ட் சம்மதிக்கிறது. சம்மதம் மீறப்பட்டால் நான்கு பேசின்களையும் கழற்றிக்கொண்டு போய்விடுவேன். கீழே செயலாளரின் கையெழுத்து, நல்ல பெரிதாக.

நான் திரும்பி வந்து ஆயாவிடம், "நீ சொன்னது சரி. இனிமேலும் சொல்லு" என்றேன். என்னைத்தான் சொல்வாள் என்று நினைத்துச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை ரவுண்டு. பெரிய டாக்டர் நாலாவது படுக்கையை முடித்து ஐந்தாவதின் வயிற்றில் கை வைக்கப் போனார்.

"சார், கை."

"என்னம்மா?" என்றார் அவர், காதில் சரியாக விழாதவர்போல. ஆயா துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கை கழுவிவிட்டுத் தொடுங்கள் சார் என்று கன்னடத்தில் முழு வாக்கியமாகவே சொன்னாள். பின்னால் இருந்த ஏழெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். இன்சார்ஜ் நான்தானே. விரலால் வாசல் சட்டத்தைக் காட்டினேன்.

அவர் நடந்து போனார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிக் கடிதத்தைப் படித்தார். ஆங்கிலப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கன்னடப் பக்கத்தையும் படித்தார். அதற்குள் எனக்கு என் ராஜினாமாக் கடிதமே மனத்தில் பாதி எழுதியாகிவிட்டது. அப்புறம் அவர் பக்கத்துப் பேசினுக்குப் போய், ஆபரேஷனுக்குப் போகிறவர்போல முழங்கைவரை நிதானமாகக் கழுவினார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஆயாவிடம் வந்து, இரண்டு கையையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

அவர் கேலியாகத்தான் செய்தாரோ என்னவோ, அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து விரல் இடுக்குவரை பார்த்தாள். "சரி சார்" என்றாள்.

அன்றிலிருந்து பெரிய டாக்டரைத் தாங்க முடியவில்லை. வேறு டிபார்ட்மென்ட் டாக்டர்கள் யார் உள்ளே வந்தாலும், "கையக் காட்டுங்க" என்று வாசலிலேயே மறித்தார். ஆயாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். எங்கள் தொற்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டியது மெல்லக் குறைந்தது. வாஷ்பேசினால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேறு பல வேலைகளும் செய்தோம். ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, வந்த நோய் தீர்ந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் படுத்துக்கிடப்பவர்களை முன்போல் அடிக்கடி பார்க்கவில்லை. அது எனக்குப் போதும்.

நடந்ததை எஞ்சினியருக்கு போனில் சொன்னேன். "அந்தம்மாவ நான் பாக்கணும்" என்றார். மறுநாளே மனைவியோடு வந்துவிட்டார். ஆயாவை வெளியே வரவழைத்தேன். அவள் ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்கதானா அது? உங்களுக்கு நான் ஏதாவது செய்யணும். என்ன வேணும் சொல்லுங்க" என்றார் அவர்.

ஆயா என்னைப் பார்த்தாள், அந்தம்மாவைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். எங்க ஆயாங்க ரூம்ல குழா ஒழுகுது. நாலு மாசமா பக்கெட் வெச்சுப் புடிக்கிறோம்."

"எங்க?" என்றார் அவர். அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் முன்னால் போக, அவர் பின்னால் போனார், அது எந்த அளவுக் குழாய், யார் மாட்டியது, எப்போது மாட்டியது என்று கேட்டுக்கொண்டே.

அந்தம்மா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். "நாம சாப்டுடலாம் சிஸ்டர். அவர் இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு வர மாட்டார்" என்றார்.